தலையணையில் இருந்த மஞ்சள் ஈரம்

முகில்,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நீயும் அப்பாவும் தூங்கிவிட்டீர்கள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நீ பிறந்த மாதமே உன் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கிவைத்தேன். உனக்கு மீசை முளைத்த பிறகு கடவுச்சொல்லைக் கொடுப்பதாக ஏற்பாடு. இதுவரை அதற்கு அனுப்பியதெல்லாம் படங்கள்தான்: உன் முதல் பல், வண்டலூரில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து நீ அலறியது, எல்.கே.ஜி. சீருடையில் நீ முறைத்துக்கொண்டு நின்றது. கடிதம் என்று ஒன்று அனுப்புவது இதுதான் முதல் தடவை. இதைப் படிக்கிற நீ எவ்வளவு உயரம் இருப்பாய், யாரையாவது கல்யாணம் செய்துகொண்டிருப்பாயா, எதுவும் எனக்குத் தெரியாது. உனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறதா என்பதுகூடத் தெரியாமல்தான் எழுதுகிறேன். இப்போது உனக்கு ஐந்து வயது. விடிந்தால் குரோம்பேட்டையில் உனக்குச் செவித்திறன் பரிசோதனை.

எல்லாம் போன கார்த்திகை மழையில் ஆரம்பித்தது. சேலையூரில் நம் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். அலுவலக வேலையாகப் பெங்களூரு போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். உனக்குச் சில நாளாகச் சளி. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றைத் தள்ளிவிட்டு இடது காதைப் பிடித்துக்கொண்டாய். பிறகு அழ ஆரம்பித்தாய். அதுவரை நான் கேட்ட அழுகை இல்லை அது. தலையைத் தலையணையில் தேய்த்தாய், இறங்கி வந்து காதைத் தரையில் வைத்துப் படுத்தாய், என் வயிற்றில் முட்டினாய். நான் ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் தேடினேன். ஒரு பக்கம் வெந்நீர் ஒத்தடம் என்றது, இன்னொரு பக்கம் உடனே டாக்டரிடம் போ என்றது. ஞாயிற்றுக்கிழமை, மழை, எந்த டாக்டர்? ஆட்டோ பதிவு செய்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் உன் பாரசிட்டமால் சிரப் இருந்தது. அது காய்ச்சலுக்கு, உனக்குத்தான் காய்ச்சல் இல்லையே என்று அதைத் தொடவில்லை. அது வலிக்கும் கொடுக்கிற மருந்து. உயிர்வேதியியல் படித்த எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை.

உன் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து தேவகி அக்கா மேலே வந்தார். நாம் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். இந்தத் தெரு வயலாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற குடும்பம். உன்னைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவர்தான், அதை நீ மறந்திருக்க மாட்டாய்.

"இன்னாம்மா, கொயந்த இந்தக் கத்து கத்துது, நீ போன நோண்டிகினு கீற?"

"டாக்டர் யாரும் இல்லக்கா. ஆட்டோவும் வர மாட்டேங்குது."

"ஆட்டோ வர்றதுக்குள்ள இவனே ஆட்டோ ஓட்ற வயசுக்கு வந்துடுவான். தள்ளு, அடுப்ப காட்டு."

கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, ஒரு பூண்டுப் பல்லை நசுக்கிப் போட்டு, சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்துக் காய்ச்சினார். தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். என் மடியில் உன்னைச் சாய்த்து, இரண்டே சொட்டு. நீ இன்னும் வேகமாகக் கத்தினாய். பிறகு கொஞ்ச நேரத்தில், குழாயை மூடினாற்போல அழுகை நின்றது. கண்ணீர் காய்வதற்கு முன்னாலேயே தூங்கிப்போனாய். "பாத்தியா? இத்தினி பெரிய படிப்பு படிச்ச, இத்தினூண்டு எண்ண தெரில உனுக்கு" என்று அக்கா சிரித்தார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது சந்தோஷ அழுகை.

நீ எழுந்தபோது தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஈரம் இருந்தது, லேசாக வாடையும் அடித்தது. எண்ணெய் வெளியே வந்துவிட்டது என்று நினைத்து, உறையைக் கழற்றி சோப்புத்தூளில் ஊறப்போட்டேன். அவ்வளவுதான். நீ பொம்மை ரயிலை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாய். மறுநாள் மழை விட்டது, தண்ணீர் வடிந்தது, டாக்டர்கள் வந்தார்கள், ஆட்டோக்கள் ஓடின. வலிதான் போய்விட்டதே, எதற்கு டாக்டர்? மாறாக, உன் வகுப்பு அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: பூண்டு எண்ணெய், இரண்டு சொட்டு, எங்கள் பையனுக்கு உடனே நின்றுவிட்டது. கட்டைவிரல்களும் இதயங்களுமாகக் குவிந்தன. ஒருத்தி செய்முறை கேட்டாள், சமையல் குறிப்பு மாதிரி அளவெல்லாம் போட்டு அனுப்பினேன்.

தை பிறப்பதற்கு முதல் நாள், போகிப் புகையில் உனக்கு மறுபடி இருமல், சளி. பொங்கல் முடிந்ததும் வலது காது. இந்தத் தடவை நான் போனைத் தொடவே இல்லை. தேவகி அக்காவையும் கூப்பிடவில்லை. நீயே சமையலறைக்கு வந்து, காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, எண்ணெய்" என்றாய். நானே காய்ச்சினேன். நீ ஆடாமல் அசையாமல், சமர்த்தாக என் மடியில் தலை வைத்தாய். அன்று அந்த வலி அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை. நான் இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். என் மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் நான் பார்த்தேன், ஆனால் எனக்குப் பிடித்த மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டேன். முன்பெல்லாம் தாம்பரம் பக்கமிருந்து ஹெலிகாப்டர் வந்தால் எனக்குக் கேட்பதற்கு முன்னாலேயே உனக்குக் கேட்டுவிடும், என் கையை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவாய். இப்போது நான் முதலில் கேட்டு, "முகில், ஹெலிகாப்டர்டா" என்று சொல்ல வேண்டியிருந்தது. பையன் வளர்ந்துவிட்டான், ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாய், அடம் என்று நினைத்தேன். தேவகி அக்கா மாடிப்படியில் நின்று, "இன்னாடா ராஜா, கூப்ட்டா திரும்ப மாட்டேன்ற? அத்தை மேல கோவமா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தத் தாடை விஷயம். நான் பேசும்போது இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பிக்கொள்வாய். என் முகத்தையே, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். இப்படி ஒரு பாசக்காரப் பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று பூரித்தேன். அப்பா அதைப் படம் எடுத்தார், அதுதான் என் போனின் முகப்புப் படம். நீ என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாய். இப்போது போனை எடுக்கும்போதெல்லாம் அந்தப் படம் முதலில் வந்து நிற்கிறது. மாற்றவும் மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பள்ளி வேனுக்கு நேரமாகிவிடும், ஷூ போடு, ஷூ போடு என்று கத்துவேன், நீ பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாய். "காது என்ன செவிடாடா உனக்கு?" என்பேன். எல்லா அம்மாவும் சொல்கிற வார்த்தைதான். எத்தனை நாள் சொன்னேன் என்று கணக்கே இல்லை. ஒருநாள் முதுகில் ஒரு அடியும் வைத்தேன். நீ திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, எதற்கு அடி விழுந்தது என்று புரியாத முழிப்புதான் இருந்தது. மாசியில் பள்ளியில் பெற்றோர் கூட்டம். உன் மிஸ், "மேம், தப்பா நெனச்சுக்காதீங்க, முகில் முன் பெஞ்சுல இருந்தா நல்லா பண்றான், பின்னாடி போனா எதுவுமே பண்றதில்ல. ஒரு தடவ காது பாத்துருங்களேன்" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன்.

அப்பா அசரவில்லை. "எனக்கும் சின்ன வயசுல காது வடிஞ்சிருக்கு. பஞ்சு அடைச்சுக்கிட்டுதான் ஸ்கூலுக்குப் போவேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். உன் அப்பாவை உனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் இடது ஓரத்து நாற்காலியைத் தேடிப் பிடிப்பார், எல்லோரும் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று. போன் எப்போதும் வலது காதில்தான். ஸ்கூட்டரில் இடப்பக்கம் யாராவது ஹாரன் அடித்தால், பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் தோளைத் தட்டுவேன். அதை வைத்து நானே அவரை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அன்று நான் அவருடைய இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். "ஆகியிருக்குங்க" என்று சாதாரணக் குரலில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. இன்றுவரை போகவில்லை.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண்மணி. வேகமாகப் பேசுவார். உன்னிடம், "உள்ள எறும்பு குடித்தனம் இருக்கான்னு பாக்கப்போறேன், வாடகை வாங்கினியா?" என்று கேட்டார். நீ அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாய். இரண்டு காதையும் பார்த்துவிட்டு என்னிடம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். எண்ணெய் இடம் வந்ததும், வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"தூங்கி எழுந்தப்ப தலையணையில ஈரம் இருந்துச்சா?"

"ஆமா டாக்டர், மஞ்சளா. எண்ணெய் வெளிய வந்துருச்சு."

"எவ்வளவும்மா விட்டீங்க?"

"ரெண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டு விட்டா ரெண்டு சொட்டுதானே வெளிய வரணும்? தலையணை எப்படி நனையும்?"

இத்தனை மாதமாக அந்தக் கேள்வி என் தலைக்குள் வரவே இல்லை. டாக்டர் குரலை இறக்கிக்கொண்டார். "அது சீழ். செவிப்பறைக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னுச்சு. அழுத்தம் தாங்காம சவ்வு கிழிஞ்சு வெளிய வந்துருச்சு. அழுத்தம் போனா வலி போயிடும். அந்த நேரம் பாத்து நீங்க எண்ணெய் விட்டீங்க, நல்ல பேரு எண்ணெய்க்குப் போயிடுச்சு. கிழிஞ்ச காதுல எண்ணெய் போறது நல்லதே இல்ல. ஏதோ, சவ்வு தானா ஒட்டிக்கிச்சு." பிறகு, இரண்டு காதிலும் சவ்வுக்குப் பின்னால் கோந்து மாதிரி நீர் தேங்கி நிற்கிறது, அதனால்தான் உனக்குச் சத்தம் எல்லாம் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவது போலக் கேட்கிறது என்றார்.

"எண்ணெயாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"இல்ல, சளியாலதான். இந்த வயசுல நிறையப் பிள்ளைங்களுக்கு வரும். ஆனா எண்ணெய்ல சரியாயிடுச்சுன்னு நம்பி, வந்து காட்டாம விட்டீங்க பாருங்க, அதத்தான் சொல்றேன்."

பெரும்பாலும் அந்த நீர் தானாகவே வடிந்துவிடுமாம். மூன்று மாதம் பார்ப்போம் என்றார். பார்த்தோம். ஒவ்வொரு நாளும் நான் பார்த்தேன். வடியவில்லை. நாளைய பரிசோதனையில் கேட்கும் திறன் குறைவாக இருந்தால், செவிப்பறையில் கடுகளவு ஒரு குழாய் வைக்க வேண்டும், அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். நரம்பில் ஏதும் குறை இருக்கிறதா என்பதும் நாளைக்கே தெரிந்துவிடுமாம். "பெரும்பாலும் சரியாயிடும்மா, பயப்படாதீங்க" என்று தைரியம் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல் மட்டும்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

நீ எப்போதாவது அப்பாவாக ஆனால், உன் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், உனக்கும் என்னைப் போலவே ஒன்றும் ஓடாது. அந்த நேரத்துக்காகச் சொல்கிறேன். காதில் எதையும் விடாதே. எண்ணெய், தாய்ப்பால், போன தடவை மிச்சமான சொட்டு மருந்து, எதுவும் வேண்டாம். குளிப்பாட்டிவிட்டு ஊதாதே, பட்ஸ் போட்டுக் குடையாதே. எடைக்கு எவ்வளவு என்று டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுத்து, மடியில் வைத்துக்கொள். ஆன்டிபயாடிக் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும், கொடுத்தால் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதே. ஏதாவது வடிந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ மழையும் பார்க்காதே, ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காதே, யாரையாவது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ. வலி திடீரென்று நின்றுவிட்டால் சந்தோஷப்பட்டுக்கொள், ஆனால் மறுநாள் கட்டாயம் காட்டு. அப்புறம், அந்தக் குழந்தை கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அதன் முகத்துக்கு நேரே போய் உட்கார்.

இன்று காலை அந்த அம்மாக்கள் குழுவில் எழுதினேன்: நான் சொன்ன எண்ணெய் வைத்தியம் தப்பு, யாரும் செய்யாதீர்கள், செய்திருந்தால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். அன்று குவிந்த இதயங்களில் ஒன்றையும் காணோம். "எங்க வீட்ல காலங்காலமா விடுறோம், ஒண்ணும் ஆகலையே" என்று ஒருத்தி எழுதினாள். ‘ஒண்ணும் ஆகலையே’ என்பதைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் இடது காதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த செய்தி, நோட்டுக்கு எந்த நிறத்தில் அட்டை போடுவது என்று. இந்தக் கடிதத்தையும் அங்கே போடப்போகிறேன். உன்னிடம் கேட்காமல் போடுகிறேன், பொறுத்துக்கொள். தேவகி அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். நான் கிளம்பும்போது, "நாளிக்கு நானும் வரேன், கொயந்தய தூக்கிக்க ஆள் வேணுமில்ல" என்றார். உன்னைத் தூக்க முடியாத அளவுக்கு அவருக்கு முழங்கால் வலி. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் உனக்கு ஒத்திகை வைத்தேன். பரிசோதனையில், சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை டப்பாவில் போட வேண்டுமாம், அதற்காகப் பட்டாணியும் கிண்ணமும். உன்னைக் கூடத்தில் அந்தப் பக்கம் பார்த்து உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளரை நகத்தால் மெல்லத் தட்டினேன். ஒரு பட்டாணி விழுந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி விழுந்தது. இன்னும் மெதுவாக, காற்று மாதிரித் தட்டினேன், அதற்கும் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்னங்க, வாங்களேன், கேக்குதுங்க, எல்லாம் கேக்குது!" என்று கத்தினேன். அப்பா வந்து நின்று ஒரு நிமிடம் உன்னையே பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, "டிவியப் பாரு" என்றார்.

அணைத்துவைத்த டிவியின் கறுப்புத் திரையில் நான் முழுதாகத் தெரிந்தேன். கையில் டம்ளர், தட்டத் தூக்கிய விரல், உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற என் முகம். "நானும் இப்படித்தான் பண்ணுவேன், ஸ்கூல்ல. ஜன்னல் கண்ணாடியப் பாத்துக்கிட்டு" என்றார் அப்பா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதை அவர் சொன்னதே இல்லை. நான் துண்டை எடுத்து டிவியின் மேல் போட்டேன். மறுபடி பின்னால் வந்து நின்று தட்டினேன். நீ அசையவில்லை. மறுபடி தட்டினேன். விரல்களுக்கு நடுவே பட்டாணியைப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்துக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டு, அவ்வளவு ஆசையாகக் காத்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது தடவை தட்டியபோது திரும்பிப் பார்த்து, "அம்மா, எப்பம்மா ஆரம்பிப்ப?" என்றாய்.

ஆரம்பிக்கவே இல்லை என்று சொல்லி உன்னைத் தூக்கிக்கொண்டேன். அந்தப் பட்டாணியை வறுத்துக் கொடுத்தேன், தின்றுவிட்டுத் தூங்கிவிட்டாய். அப்பா மட்டும் படுக்கப் போகும்போது, "நாளைக்கு அப்படியே எனக்கும் பாத்துரலாமா?" என்று கேட்டார். சரி என்றேன். அவருடைய வலப்பக்கம் போய் நின்றுதான் சொன்னேன்.

நாளை அந்த அறையில் உன் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு என்னை வெளியே நிற்கச் சொல்வார்கள். உள்ளே நீ பார்த்துக்கொள்ள என் முகம் இருக்காது, டிவி இருக்காது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று இருந்துவிடு, கண்ணா. என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு மணியும் போட்டுவிடாதே. இது உனக்கு இப்போது புரியாது, பெரியவனான பிறகாவது புரியட்டும் என்றுதான் இங்கே எழுதிவைக்கிறேன். எப்போது இதைத் திறந்தாலும், அன்றைக்கே இந்த முகவரியிலிருந்து எனக்கு ஒரு வரி அனுப்பு. நான் எங்கே இருந்தாலும் பார்ப்பேன். ஆனால் அத்தனை வருடம் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. காலையில் நீ பல் தேய்க்கும்போது, கண்ணாடியில் தெரியாத பக்கமாக நின்று, உன் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன்.

சீக்கிரம் பதில் சொல்.

அம்மா